வயிற்றருகே நின்ற வெண்கலக் குதிரை

அர்தூலா என்ற மலையூரில் வெண்கலக் குதிரை பீடத்தைவிட்டு இறங்கியது சந்தை நாளாகிப் போனதால், ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. பாலாடைக்கட்டி விற்றவர்கள் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார்கள், ஆட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கினார்கள், குதிரை முன்னங்கால்களை முதலில் ஊன்றி, பின்னங்கால்களை ஒவ்வொன்றாக இறக்கி, கழுத்தை ஒருதடவை உலுக்கிக்கொண்டு நேரே பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வேண்டுமட்டும் குடித்தது. குடித்த தண்ணீர் வயிற்றுக்கடியில் வார்ப்பு ஒட்டிய இடத்தின் வழியாக ஒழுகியது. "பத்த வச்சவன் ஒழுங்காப் பத்த வைக்கலை," என்று ஒரு பாத்திரக்காரர் குறை சொன்னார், பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்றார், ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

குதிரைதான் இறங்கியதே தவிர அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் இறங்கவில்லை. பீடத்துக்கு மேலே, காலை அகட்டியபடி, ஊருக்கே அபயம் தருகிறவர்போல வலது கையை நீட்டிக்கொண்டு, வெறும் காற்றில் வெண்கலமாக உட்கார்ந்திருந்தார். நகர சபை கூடிப் பேசி, சாரம் கட்டி, கொத்தர்களை ஏற்றிப் பார்த்தது. "எதுல ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே பெயர்த்தெடுக்கலாம், எங்கயும் ஒட்டாததை எங்கேருந்து பெயர்க்கிறது?" என்று கொத்தர்கள் கூலியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் காட்சி அவ்வளவு கௌரவமாக இல்லை என்பதால், ஒரு துணியை மட்டும் இடுப்பில் சுற்றிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சபை தீர்மானித்தது.

அந்த வெண்கல மனிதருக்கு உயிருள்ள அசல் ஒருவன் அதே சதுக்கத்தின் எதிர்வீட்டில் குடியிருந்தான். பெயர் வெத்தியுஸ். தினமும் காலையில் முகம் கழுவ முற்றத்துக்கு வந்தால், தான் ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்தாக வேண்டியிருந்தது.

வெத்தியுஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவன் அங்கியின் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமர்களின் ராஜ்ஜியத்தில் ஒருவன் யாரென்று தெரிந்துகொள்ள அவன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, கரையைப் பார்த்தால் போதும்: அகலமான ஊதாக்கரை போட்டவர் செனட் சபையில் உட்காருகிற பெரிய மனிதர், ஒல்லியான ஊதாக்கரை போட்டவர் குதிரை வகுப்பைச் சேர்ந்தவர், கரையே இல்லாதவர்கள் மிச்சமுள்ள எல்லாரும், அதாவது நம்மைப் போன்றவர்கள். ஒல்லிக்கரைக்காரர்களுக்கு விரலில் பொன்மோதிரம் உண்டு, நாடகக் கொட்டகையில் முன்னால் இடம் உண்டு, அவர்களில் அதிர்ஷ்டமுள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த குதிரை ஒன்றும் உண்டு. குதிரை அரசாங்கத்துடையது, சாணி அள்ளுவது அடிமையுடையது, முதுகு மட்டும்தான் அவர்களுடையது. கோடையில் ரோமாபுரியில் பார்வையிடல் நடக்கும்போது ஒவ்வொருவரும் அந்தக் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதிகாரி குதிரையையும் பார்ப்பார், பிடித்திருக்கிறவனையும் பார்ப்பார். "குதிரையை நடத்திக்கொண்டு போ" என்று சொன்னால் எல்லாம் சரி. "குதிரையை விற்றுவிடு" என்று சொன்னால் மோதிரமும் போச்சு, கரையும் போச்சு, வீட்டுக்குத் திரும்பும்போது நாய்கூட வாலாட்டாது.

அர்தூலாவில் குதிரை வகுப்புக்காரன் என்று இருந்தது வெத்தியுஸ் ஒருவன்தான், அதனால் ஊருக்கே அவன் மோதிரத்தில் ஒரு பங்கு இருப்பதுபோல நடந்துகொண்டார்கள். ரோமாபுரியில் ஒரு காரியம் ஆக வேண்டுமா, சாலை வரி குறைய வேண்டுமா, வாய்க்கால் வெட்ட அனுமதி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவனுடைய ஒல்லிக்கரைதான் வாசல்.

இறங்கிய குதிரை தண்ணீர் குடித்து முடித்ததும் ஒரு வேலையைத் தொடங்கியது. சதுக்கத்தில் நின்றிருந்த ஒரு நெசவாளியின் முன்னால் போய், தலையைத் தாழ்த்தி, மூக்கை அவர் வயிற்றருகே கொண்டுபோய், காதை முன்னால் மடித்துக்கொண்டு நின்றது. கடிக்கவில்லை, முட்டவில்லை. சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு அடுத்தவர். பிறகு அதற்கடுத்தவர். வெளியூரிலிருந்து வந்த உப்பு வியாபாரியின் முன்னால் அது நிற்கவேயில்லை. "என்னய்யா, என்னை மட்டும் மதிக்க மாட்டேங்குது?" என்று அவர் சிரித்தபடி கேட்டபோது சுற்றியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அது எதைக் கேட்கிறது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னால், இரண்டு தளபதிகள் ஒரே நாற்காலிக்காக அடித்துக்கொண்ட ஒரு குளிர்காலத்தில், எந்தப் பக்கமும் சேராமல் கதவைச் சாத்திக்கொண்டதுதான் அர்தூலா செய்த குற்றம். ஒரு தளபதியின் படை ஊரை வளைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, பனியும் சேர்ந்துகொண்டது. முதலில் தானியம் தீர்ந்தது, பிறகு ஆடுகள், பிறகு கழுதைகள், பிறகு தோல் வாரை ஊறவைத்துக் கொதிக்க வைத்தார்கள், பிறகு கிழவர்கள் சாகத் தொடங்கினார்கள், அதன்பின் குழந்தைகள். கடைசியில் ஊரில் நாலு காலில் நின்றது அரசாங்கக் குதிரை ஒன்றுதான். அதன் பெயர் அக்விலோ. வாடைக்காற்று என்று அர்த்தம். அரசாங்கக் குதிரையை அறுப்பது அரசாங்கத்தின்மேல் கத்தி வைப்பதற்குச் சமம் என்று தெரிந்தும் வெத்தியுஸே சபையில் எழுந்து, "அறுங்க," என்றான். அது அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குதிரையைப் பார்த்துக்கொண்டவன் தால்லுஸ் என்ற அடிமை. குட்டியாக வந்ததிலிருந்து அவன்தான் வளர்த்தான். அவன் அழவில்லை, தடுக்கவில்லை, "வேற யாராவது பிடிச்சா பயந்துடும், நானே பிடிச்சுக்கிறேன்," என்று மட்டும் கேட்டுக்கொண்டான். தன் மேலங்கியால் அதன் கண்ணை மூடி, காதில் ஏதோ பேசிக்கொண்டே பிடித்தான். தால்லுஸோடு வாழ்ந்தவள் கிரேஸ்தே, விடுதலை பெற்ற அடிமை, சூடான சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். அவள் கடையின் பெரிய பானையில்தான் குதிரை வெந்தது. ஊரே கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. தால்லுஸ் மட்டும் லாயத்துச் சுவரோரம் உட்கார்ந்து, கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பனி உருகியது, படை போயிற்று, ஜெயித்த தளபதி நாற்காலியில் உட்கார்ந்தார், கணக்குக் கேட்கும் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். "அரசாங்கக் குதிரை எங்கே?" என்று அவர் கேட்டபோது நகரத் தலைவர் ஹெர்மினியுஸ் வாயில் வந்த பதில் அவருக்கே புதிதாக இருந்திருக்கும். "அந்தத் தால்லுஸ் பய எதிரிக்கு ஓட்டிக் கொடுத்துட்டானுங்க." சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. ஏன் தால்லுஸ் என்றால், ஊரில் எல்லார் வயிற்றிலும் குதிரை இருந்தது, அவன் ஒருவன் வயிற்றில் இல்லை. சாப்பிடாதவன் நம்மைப் பார்க்கிற பார்வையைத் தாங்குவது கஷ்டம். அதிகாரி வெத்தியுஸைத் திரும்பிப் பார்த்தார். வெத்தியுஸ் தலையை ஆட்டினான். பேசக்கூட இல்லை, ஆட்டினான், அவ்வளவுதான்.

அடிமையின் வாக்கு அடித்து வாங்கினால்தான் செல்லும் என்பது அவர்களுடைய சட்டம். அடித்தார்கள். "நான் கொடுக்கலை" என்பதற்கு மேல் தால்லுஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குதிரை எங்கே போயிற்று என்று சொல்லியிருந்தால் கிரேஸ்தேயின் பானையைச் சொல்ல வேண்டியிருக்கும். அவனைக் கடலோரத்தில் கல் வெட்டும் குழிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமே, ஊரைப் பசியிலிருந்து காத்தவன் என்று பீடத்தில் பொறித்து வெத்தியுஸுக்குக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலை வைத்தார்கள். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது அந்தக் குதிரை இறங்கி வந்து வயிற்றருகே நிற்கிறது. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை? தோல் தைப்பவர் வயிற்றுக்குப் போடும் தடித்த பட்டை ஒன்றைச் செய்து விற்றார், குதிரை பட்டைக்கு வெளியே நின்றும் கேட்டது. பெண்கள் கைக்குழந்தையை வயிற்றை மறைத்து வைத்துக்கொண்டு நடந்தார்கள், சொந்தக் குழந்தை இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினார்கள். பக்கவாட்டில் நடப்பது ஊர்நடையாகவே ஆகிவிட்டது, வெளியூர்க்காரர்கள் அர்தூலாவாசியை நடையை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகளிடம் அது நிற்பதில்லை என்பதால் அவர்கள் பயமில்லாமல் அதன் காலில் தொங்கி விளையாடினார்கள். "உன்கிட்ட மட்டும் ஏம்ப்பா நிக்குது?" என்று பிள்ளை கேட்டால், "என்மேல பிரியம்டா," என்று அப்பன்மார்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சண்டைகளும் வந்தன. குதிரை யாரிடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து, அன்றைக்கு யார் எவ்வளவு தின்றார்கள் என்பது தெரியத் தொடங்கியது. முற்றுகைக் காலத்தில் தன் பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்ததாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிவந்த ஹெர்மினியுஸிடம் அது காலையில் நின்றது, வெயில் உச்சிக்கு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தது. "தொடைக்கறி எங்க போச்சுன்னு இப்பத்தானேடி தெரியுது," என்று வண்ணாரப்பெண் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். கொஞ்சமே கிடைத்தவர்கள் நிறையக் கிடைத்தவர்களைத் திட்டினார்கள், பழைய கிண்ணங்களின் அளவு திரும்ப அளக்கப்பட்டது. இவ்வளவு பேச்சிலும் தால்லுஸின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவனைத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் கறியைப் பற்றி அவ்வளவு பேசினார்கள்.

ஹெர்மினியுஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு யோசனை செய்தார். சிலைகளைப் பீடத்தில் நிறுத்துவது ஈயம். குளம்புக்கு அடியில் உருக்கி ஊற்றிவிட்டால் நூறு வருஷத்துக்கு அசையாது. கயிறு கட்டி, எருதுகளைப் பூட்டி, குதிரையைப் பீடத்தில் ஏற்றி, நான்கு குளம்பும் முழுகும்படி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். குதிரை சாதுவாக நின்று வாங்கிக்கொண்டது. மறுநாள் சந்தை கூடியபோது அது தொட்டியருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு குளம்பிலும் ஒரு கட்டி ஈயத்தோடு. முன்பெல்லாம் கண்ணெதிரே வந்தால்தான் குதிரை. இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் தொம் தொம்மென்று ஊர் முழுக்கக் கேட்டது. யார் வீட்டு வாசலில் சத்தம் நிற்கிறது என்று எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள்.

வெத்தியுஸிடம் குதிரை வரவில்லை. ஊரில் எல்லாரிடமும் போனது, அவன் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனது, உள்ளே நுழையவில்லை. அவனுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி போலாவிடம், "எங்கிட்ட ஏன் வரலை?" என்று கேட்டான்.

போலா சுற்றி வளைத்துப் பேசுகிற பெண் அல்ல. "எங்கிட்ட வந்து நின்னுச்சு, நான் நின்னேன். ஈரல் எனக்குத்தானே குடுத்தாங்க, கேட்டுட்டுப் போகட்டும்னு நின்னேன். உங்ககிட்ட கேக்க அதுக்கு ஒண்ணும் இல்லை போல. நீங்கதான் சொல்லணும் போல."

"என்னத்தைச் சொல்லச் சொல்றே?"

"அதையும் நானே சொல்லணுமா?"

வசந்தம் முடிகிற சமயத்தில் ரோமாபுரியிலிருந்து ஆள் வந்தான். முற்றுகையைக் காரணம் காட்டி இத்தனை வருஷம் பார்வையிடலுக்கு வராமலிருந்தது போதும், இந்தக் கோடைக்குக் குதிரையோடு வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. நகர சபை அன்றே கூடியது. பக்கத்து ஊரில் நல்ல குதிரையாக ஒன்றைப் பிடித்துவருவது, திருட்டுப்போன பிறகு வெத்தியுஸ் சொந்தச் செலவில் அரசாங்கத்துக்காக வாங்கிய குதிரை என்று சொல்வது என்று முடிவாயிற்று. அதிகாரி அசந்துபோய்ப் பாராட்டுவார், வாய்க்கால் அனுமதியும் கூடவே கிடைத்துவிடும் என்று ஹெர்மினியுஸ் சொன்னார். வெத்தியுஸ் இதற்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டு வாசலில் கிரேஸ்தே நின்றிருந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. தால்லுஸைக் கொண்டுபோனபோது மார்பில் பால்குடித்துக்கொண்டிருந்த குழந்தை, இப்போது பல் விழுகிற வயது.

"எசமான், ரோமாபுரிக்குப் போறீங்களாம்," என்றாள்.

"ஆமா."

"அங்க வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அவரு ஓட்டிக் குடுக்கலைன்னு. நீங்க சொன்னா விட்டுடுவாங்க, கரை போட்டவங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

"அப்போ குதிரை எங்கேன்னு கேப்பாங்களே கிரேஸ்தே."

"கேக்கத்தான் கேப்பாங்க."

"ஊருக்கே தண்டனை வரும். உன் பானையும்தான் அதுல இருக்கு."

"எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "வெந்துச்சான்னு கரண்டியால எடுத்து முதல்ல வாயில போட்டுப் பார்த்தது நானு. அவரு வெளியில உட்கார்ந்திருந்தாரு, நான் உள்ள மென்னுக்கிட்டிருந்தேன். பால் சுரக்கணுமேன்னுதான். எனக்கு எந்தத் தண்டனை வந்தாலும் அது தண்டனையே இல்லை எசமான்."

தொம் தொம்மென்று தெருவில் சத்தம் வந்தது. குதிரை கிரேஸ்தேயிடம் வந்து தலையைத் தாழ்த்திக் கேட்டது, அவள் பழகிய கையால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அது அந்தச் சிறுமியின் பக்கம் திரும்பியது. பிள்ளைகளிடம் எப்போதும் நிற்காமல் போகிற குதிரை அவளிடம் தலையைத் தாழ்த்தத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, நிற்பதா போவதா என்று தெரியாமல் அப்படியே திகைத்து நின்றது. சிறுமி சட்டையைத் தூக்கித் தன் தொப்புளைப் பார்த்துவிட்டு, "எனக்குள்ளயும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

வெத்தியுஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தலையை ஆட்டியது எந்தத் திசையில், எவ்வளவு தூரம், கழுத்து எவ்வளவு லேசாக அசைந்தது என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது.

புறப்படும் நாளில், பக்கத்து ஊரிலிருந்து பிடித்துவந்த நல்ல குதிரை சதுக்கத்தில் அலங்காரத்தோடு நின்றது. வெத்தியுஸ் அதைத் தாண்டிப் போய்த் தொட்டியருகே நின்ற வெண்கலக் குதிரையின் கழுத்தில் கயிற்றை மாட்டினான். அது மறுக்காமல் வந்தது. "இதையா கொண்டுபோறே? யாராவது கேட்டா என்னன்னு சொல்லுவே?" என்று ஹெர்மினியுஸ் பதறினார். வெத்தியுஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான், என்ன சொல்வதென்று உண்மையில் அவனுக்கே தெரியவில்லை. மலைச்சாலையில் இறங்கும்போது ஈயக் குளம்புகள் கல் பாவிய ரஸ்தாவில் எழுப்பிய சத்தம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்ததால், வழியிலிருந்த ஊர்க்காரர்கள் ஏதோ கட்டடம் கட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். வழியெல்லாம் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தான். குதிரை மட்டும்தான் கேட்டது, அதற்கு அது தெரிந்த விஷயம்.

ரோமாபுரியில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலைக்கு மூலை வெண்கலக் குதிரை நிற்கிற நகரம் அது. ஒன்று நடந்து போனால் இடம் மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒலிவ இலை மாலையும் ஊதா மேலங்கியுமாகக் குதிரை வகுப்பார் வெயிலில் நீண்ட வரிசையில் நின்றார்கள். அவர்களோடு சேர்த்து வெண்கலக் குதிரையும் ஓரோர் அடியாக நகர்ந்தது. அதிகாரி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். வெத்தியுஸின் முறை வந்தபோது அவர் குதிரையை மேலும் கீழும் பார்த்தார். பளபளப்பு நன்றாக இருந்தது, இளைப்பு இல்லை, ஈ மொய்க்கவில்லை, கால் நேராக இருந்தது.

"நல்லா வச்சிருக்கே," என்றார். "குதிரையை நடத்திக்கொண்டு போ."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஓர் அடி எடுத்து வைத்தால் மோதிரம் விரலிலேயே இருக்கும், கரை அங்கியிலேயே இருக்கும், ஊருக்கு வாய்க்கால் வரும். கயிற்றைப் பிடித்திருந்த கை முன்னால் போயிற்று. காலும் போகப் பார்த்தது. போகவிட்டுவிடலாம் என்று அவனுக்கு அப்படி ஓர் ஆசை வந்தது, வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி ஆசை.

"அய்யா," என்றான்.

"போப்பா, பின்னாடி ஆளு நிக்குது."

"அய்யா, இது அந்தக் குதிரை இல்லை. அந்தக் குதிரையை நாங்க தின்னுட்டோம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். வெத்தியுஸ் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். "அறுக்கச் சொன்னது நான். பசி. ஊரே தின்னுச்சு. தால்லுஸ்னு என் அடிமை ஒருத்தன், அவன் மட்டும் தின்னலை. அவன் திருடினான்னு சொன்னாங்க, நான் தலையை ஆட்டினேன். அவன் கல்லு வெட்டிக்கிட்டிருக்கான். நான் இங்க மாலையைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

அதிகாரிக்குக் கோபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, வெயில் அப்படி. பக்கத்தில் எழுதுகிறவரிடம் ஏதோ குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்து, வெத்தியுஸின் முகத்தைப் பார்க்காமலே, "குதிரையை விற்றுவிடு," என்றார். காவலன் ஒருவன் மோதிரத்தை இழுத்தான். விரல் பருத்திருந்ததால் எண்ணெய் போட வேண்டியிருந்தது. இதெல்லாம் நடந்து முடிந்து வெத்தியுஸ் திரும்பியபோது கையில் கயிறு மட்டும் இருந்தது. சதுக்கத்தின் ஓரத்தில் வரிசையாக நின்ற வெண்கலக் குதிரைகளின் நடுவே எங்கோ அதுவும் போய் நின்றுவிட்டிருந்தது. எல்லாவற்றின் குளம்பிலும் ஈயம் இருந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நடந்தும் எது தன்னுடையது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ தடவை அக்விலோவின் முதுகில் ஏறியிருக்கிறான். முகம் அடையாளம் தெரியவில்லை.

அர்தூலாவுக்கு வாய்க்கால் கிடைக்கவில்லை, சாலை வரி ஏறியது, ஹெர்மினியுஸின் பதவி போயிற்று. ஊர் வெத்தியுஸை மன்னிக்கவே இல்லை. அவன் தெருவில் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் பக்கவாட்டில் நடப்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று, அது எதனால் நின்றது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. போலா அவன் அங்கியிலிருந்த கரையைப் பிரித்தெடுத்து, பிரித்த இடத்தைத் தைத்துக் கொடுத்தாள். "இப்பத்தான் உங்களுக்கு அளவா இருக்கு," என்றாள்.

ரோமாபுரியில் எழுதிக்கொடுத்த தால்லுஸின் விடுதலை உத்தரவை எடுத்துக்கொண்டு வெத்தியுஸ் தானே கடலோரத்தில் கல் வெட்டும் குழிக்குப் போனான். கரையில்லாத அங்கியோடு வந்தவனைக் காவலர்கள் வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக் காக்க வைத்தார்கள். குழிக்குள் எல்லாரும் ஒரே நிறத்தில், கல்லின் நிறத்தில் இருந்தார்கள். தால்லுஸ் ஒரு பாறைமேல் உட்கார்ந்து உளியைத் தட்டிக்கொண்டிருந்தான். கூன் விழுந்திருந்தது, ஒரு கண் மூடியே இருந்தது.

"எசமானா?" என்று மற்றக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "வயசாயிடுச்சே உங்களுக்கு."

"உனக்கு விடுதலை தால்லுஸ். நடந்ததைச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"நல்லது," என்றான். உளியைக் கீழே வைக்கவில்லை. "கிரேஸ்தே இருக்காளா?"

"இருக்கா. பொண்ணு வளர்ந்துட்டா. பல்லு விழுது."

தால்லுஸ் உளியை மறுபடி ஒருதடவை தட்டினான். வெத்தியுஸ் காலில் விழலாமா என்று யோசித்தான், விழுந்தால் தூக்கிவிட வேண்டிய வேலையும் இவனுக்குத்தான் வந்து சேரும் என்று நின்றபடியே இருந்தான். "என்னை மன்னிச்சிடு," என்று சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் தால்லுஸ் கேட்டான்: "எப்படி இருந்துச்சு எசமான்?"

"ரோமாபுரியா? வெயில், ஒரே கூட்டம்..."

"அது இல்லை. கறி."

வெத்தியுஸுக்கு முகம் எரிந்தது. நார் நாராக இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை, உன்னை நினைத்துக்கொண்டே விழுங்கினேன் என்று சொல்லலாம்; அப்படிச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குக்கூட ஆறுதலாக இருக்கலாம். ஆனால் இனிமேல் இந்த மனிதனிடம் ஒரு பொய்கூடச் சொல்ல அவனால் முடியவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றான். "எலும்புகூட மிருதுவா வெந்திருந்துச்சு. இன்னொரு கிண்ணமும் வாங்கித் தின்னேன்."

தால்லுஸ் மெதுவாகத் தலையை அசைத்தான். கோபம் இல்லை. யாரோ தன் வேலையை மெச்சியதைக் கேட்டவனின் முகமாகத்தான் அது இருந்தது.

"இருக்கும் எசமான்," என்றான். "எனக்குக் குடுத்த பார்லியையும் கடைசிவரைக்கும் அதுக்குத்தானே போட்டேன்."